மெமரி எரர்னு சொல்லுச்சு, ஆனா கெட்டது மெமரி இல்ல

போன எபிசோட்ல மல்டிமீட்டர் பத்திப் பேசினோம். இன்னிக்கு அதே மீட்டர் என்னை ஒரு பெரிய தப்புல இருந்து காப்பாத்தின கதை.

ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ஆசிலோஸ்கோப் ஒண்ணு வாங்கினேன். சிஆர்டி ஸ்க்ரீன், உள்ளே நாலஞ்சு போர்டு. வீட்டுல ஆன் பண்ணினா கோடு நடுங்குது, ரெண்டாவது சேனல் தானா நகருது, செல்ஃப் டெஸ்ட் ஒரு தடவை மெமரி எரர்னுது, அடுத்த தடவை வேற எதையோ சொல்லுது. நான் சாஃப்ட்வேர்காரன் இல்லையா, எரர் மெசேஜை அப்படியே நம்பிட்டேன். ரேம் சிப்பைக் கழற்றிடலாம்னு சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணியாச்சு.

கடை அண்ணாவுக்கு ஒரு போன் போட்டேன். "தம்பி, முதல்ல சப்ளைய அளந்தியா?" அவ்வளவுதான் கேட்டார்.

யோசிச்சா நியாயம்தான். ஒரு போர்டு மட்டும் கெட்டா, அந்த போர்டு செய்ற வேலை மட்டும்தான் பொதுவா கெடும். சம்பந்தமே இல்லாத நாலு இடத்துல பிரச்சனைன்னா, நாலுக்கும் பொதுவா இருக்கிறதைப் பார்க்கணும். எல்லா போர்டுக்கும் பொதுவானது பவர் சப்ளை.

5 வோல்ட் லைன்ல மீட்டர் 4.9 காட்டிச்சு. பரவாயில்லையேன்னு தோணும். ஆனா டிசி ரேஞ்ச் சராசரியைத்தான் காட்டும். ஏசி ரேஞ்சுக்கு மாத்தினேன்: கால் வோல்ட். இருக்க வேண்டியது சில மில்லிவோல்ட். (சில மலிவு மீட்டர்கள் சுத்தமான டிசியைப் பார்த்தே ஏசின்னு பொய் சொல்லும். ப்ரோபுக்குத் தொடரா ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வச்சு அளங்க.) அதாவது வோல்டேஜ் நிமிஷத்துக்கு நிமிஷம் இல்ல, நொடிக்கு 100 தடவை பள்ளத்துல விழுந்து எழுந்திருக்குது. டிடிஎல் சிப்புகளுக்கு 4.75க்குக் கீழே உத்தரவாதம் கிடையாது. சிப் உளறத்தானே செய்யும்?

ஏன் 100? இது ட்ரான்ஸ்ஃபார்மர் வச்ச சப்ளை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜ் அதை இரட்டிப்பாக்கும். அதுக்கு அப்புறம் இருக்கிற பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்தான் ரெண்டு மேட்டுக்கு நடுவுல தாக்குப்பிடிக்கணும். வருஷக்கணக்கா சூட்டுல இருந்து உள்ளே இருக்கிற திரவம் காய்ஞ்சா, அதால முடியாது. ரெகுலேட்டருக்கு வேண்டிய குறைந்தபட்ச வோல்டேஜ் கிடைக்காம, பள்ளம் அப்படியே வெளியே வந்துடும்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்துச்சு: ஏதாவது ஒரு போர்டு ஷார்ட் ஆகி அதிகமா இழுக்குதோ? ஆஃப் பண்ணி, ஒவ்வொரு கனெக்டரா கழற்றி, திரும்ப அளந்தேன். எதைக் கழற்றினாலும் நடுக்கம் கொஞ்சம்தான் குறைஞ்சுது. அப்போ குற்றவாளி சப்ளையேதான். (சுவிட்சிங் சப்ளைல இதைக் கண்ணை மூடிட்டுச் செய்யாதீங்க, சிலது லோடு இல்லாம கிளம்பவே கிளம்பாது.) இன்னொண்ணு, சிஆர்டிக்குப் போற லைன்ல ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். அந்தப் பக்கம் கையே வைக்கல.

கெப்பாசிட்டர் மாத்தினேன். அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி வகை, பிளஸ் மைனஸைப் பார்த்துப் போட்டது. ஆன் பண்ணினேன், கோடு அசையாம நின்னுச்சு.

அப்புறம்தான் நான் கழற்ற இருந்த அந்த ரேமைப் பார்த்தேன். பக்கத்துல ஒரு லித்தியம் பேட்டரி. அந்தச் சிப்லதான் ஸ்கோப்போட கேலிப்ரேஷன் எண்கள் எல்லாம் இருக்கு. கழற்றியிருந்தா அந்த நொடியே போயிருக்கும். திரும்ப ஏத்தணும்னா துல்லியமான ஜெனரேட்டர்கள் வேணும், லேப்ல கொடுத்தா ஸ்கோப் வாங்கின காசை விட அதிகமாகும்.

அந்த பேட்டரி இப்போ 2.7 வோல்ட், புதுசுல 3க்கு மேல இருந்திருக்கும். அடுத்த வேலை அதுதான். ஸ்க்ரீன்ல அந்த எண்கள் வர்ற பக்கங்களை முழுசா போட்டோ எடுத்து வச்சிட்டேன். வெளியில இருந்து ஒரு டயோட் வழியா 3 வோல்ட் கொடுத்துக்கிட்டே பழசைக் கழற்றணும். அண்ணா வந்து பக்கத்துல உட்கார்றேன்னு சொல்லியிருக்கார்.