உங்களுக்குத் தெரியுமா? தடைக்குப் பிறகு தெரியவந்த ஜார்ஜியா

அமெரிக்க மாநிலம் அல்ல. கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலையடியில் இருக்கும் சின்ன நாடு. 2006 மார்ச்சில் இதன் ஒயினுக்கு ரஷ்யா தடை போட்டது. மே மாதம் பொர்ஜோமி ஊற்றுநீருக்கும் தடை. பூச்சிமருந்து எச்சம், தரக்குறைவு என்று காரணம் சொன்னார்கள். இரு அரசுகளுக்கும் இடையே உறவு கசந்திருந்த நேரம் என்பதால், இது அரசியல் என்றே ஜார்ஜியர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒயின் ஏற்றுமதியில் பெரும்பகுதியை ரஷ்யாவுக்கே அனுப்பிப் பழகியவர்கள் வேறு நாடுகளைத் தேடிப் போனார்கள்.

முட்டை வடிவ மண் தாழியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து அதற்குள் ஒயின் செய்வது அந்த ஊர் வழக்கம். தாழிக்கு 'க்வெவ்ரி' என்று பெயர். உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். திராட்சைச் சாற்றோடு தோலும் விதையும், சில இடங்களில் காம்பும்கூட உள்ளே போகும். வாயை அடைத்து ஐந்தாறு மாதம் விட்டுவிட்டால், வெள்ளைத் திராட்சைகூடத் தோலோடு ஊறி அடர்ந்த தேன் நிறத்துக்கு வந்துவிடும். பெரிய தாழி என்றால் ஆள் உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும். தேய்ப்பதற்கு செர்ரி மரப்பட்டையில் செய்த தூரிகை. தாழியைச் செய்வதும் கைவேலைதான். களிமண்ணை நாளுக்குக் கொஞ்சமாக அடுக்கி உயர்த்துவதால் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும்.

ஜார்ஜியா சோவியத் ஆட்சியில் இருந்த காலத்து ஒயின் ஆலைகளுக்கு இந்த நிதானம் ஒத்துவரவில்லை. 500க்கும் மேற்பட்ட நாட்டுத் திராட்சை ரகங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே ஆலைக்குப் போயின. 1985இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு இயக்கத்தில் கொடிகளையே பிடுங்கினார்கள். மற்ற ரகங்கள் வீட்டுத் தோட்டங்களில் தப்பிப் பிழைத்தன. தடைக்குப் பின் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று தேடிப் போனபோது, அங்கே பலரை ஈர்த்தது அந்தத் தாழி ஒயின். மொத்த ஏற்றுமதியில் அதன் பங்கு சிறிதுதான். ஆனால் மறந்துபோன ரகங்களுக்கும் தாழி செய்யும் குயவர்களுக்கும் வேலை திரும்பியது. இந்தக் கதையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

இத்தாலிய ஒயின் தயாரிப்பாளர் யோஷ்கோ கிராவ்னர் தடைக்கு முன்பே முந்திக்கொண்டவர். 2000இலேயே ஜார்ஜியாவுக்குப் போய்வந்து, தாழிகளை வரவழைத்துத் தன் நிலத்தில் புதைத்துவிட்டார்.

ஜார்ஜியாவில் ஒயின் மிகப் பழைய சங்கதி. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் எச்சம் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த ஓடுகளின் வயது சுமார் 8,000 ஆண்டு.

ஒயின் குடிக்காதவர்களுக்கும் ஒரு திராட்சைப் பண்டம் உண்டு. நூலில் வால்நட் பருப்புகளைக் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் திரும்பத் திரும்ப முக்கிக் காயவைத்தால் அது 'சுர்ச்கேலா'. மாதக்கணக்கில் கெடாது.

மலைப் பகுதியான ஸ்வனேத்தியில் உப்பை வெறும் உப்பாக வைப்பதில்லை. பூண்டு, மிளகாய், கொத்தமல்லி விதை, நீலப் பூ பூக்கும் ஒரு வகை வெந்தயம், காயவைத்த துலுக்கச் சாமந்தி இதழ் எல்லாம் இடித்துச் சேர்க்கிறார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு இதைவிட நெருக்கமான வெளிநாட்டுச் சரக்கை நான் அறியேன்.

தடைக்குள்ளான அந்தப் பொர்ஜோமி நீர் மண்ணுக்கடியிலிருந்தே வாயுவோடு வருகிறது. லேசாக உப்புக் கரிக்கும். 1890களிலிருந்து புட்டிகளில் விற்கிறார்கள்.

2013இல் ரஷ்யா தடையை விலக்கியது. க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் சில ஆண்டுகளிலேயே ஜார்ஜிய ஒயினில் பாதிக்கு மேல் மறுபடி ரஷ்யாவுக்கே போகத் தொடங்கியது. எனக்கு இது கவலையளிக்கிறது. 2019இல் திபிலிசியில் ரஷ்ய எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது ரஷ்யா முதலில் செய்தவற்றில் ஒன்று, ஜார்ஜிய ஒயின் மீதான சோதனையைக் கடுமையாக்கியது.