கையில் காசு இருக்கும் நாளில்தான் வைத்தியம்

ஏழைக் கிராமக் குடும்பத்தின் மருத்துவச் செலவை நோயின் கடுமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அன்றைக்குக் கையில் உள்ள காசும் தீர்மானிக்கிறது. தமிழகத்தில் விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் வருமானம் உண்டு. மற்ற மாதங்களில் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வேலை கிடைத்தால் உண்டு. காய்ச்சல் இதையெல்லாம் பார்த்து வருவதில்லை.

காசு குறைந்தால் முதலில் அடிபடுவது மாத்திரை. மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து நாலைந்தை மட்டும் வெட்டி வாங்கிப் போகிறவர்கள் உண்டு. இரண்டு வேளை போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்வார்கள். மூட்டுவலிக்குத் தைலத்தோடு சரி. பெண்கள் பலர் தங்கள் உபாதையை வெளியே சொல்வதுகூட இல்லை. இப்படிப்பட்ட வீட்டின் மருத்துவச் செலவு கணக்கெடுப்பில் குறைவாகத்தான் தெரியும். அதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்வது பெரும்பிழை.

தள்ளிப்போட்ட நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நிலைமை தலைகீழாகிறது. தோடு அடகுக்குப் போகிறது, ஆடு சந்தைக்குப் போகிறது, மிச்சத்துக்கு வட்டிக்கடன். குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அது குடும்பத்தைக் குலைக்கும் செலவு என்பது உலக அளவில் நெடுங்காலம் வழங்கிவந்த அளவுகோல். ஏழைக்கு இதுவும் பொருந்தாது. வருவதெல்லாம் அரிசி பருப்புக்கே போகும் வீட்டில் 5 சதவீதமே சாப்பாட்டில் கைவைத்துவிடும்.

இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 சதவீதம், 2021-22இல் அது 39.4 ஆகக் குறைந்தது. அரசின் பங்கு கூடியதே முக்கியக் காரணம். தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அது உண்மையிலேயே உயிர்காப்பு. ஆனால் தினசரி மாத்திரை, பஸ் செலவு, நோயாளியும் துணைக்குப் போனவரும் இழக்கும் கூலி ஆகியவை காப்பீட்டில் வருவதில்லை. ஏழையை மாதந்தோறும் அரிப்பதோ இவைதான்.

அந்த இடைவெளியைக் குறிவைத்தே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அன்றைய கூலியும் போவதில்லை.