கடல் இல்லாத ஊரில் கடற்கரை கோல்ஃப்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் நகரத்தின் கிழக்கு ஓரமாக பிமா சாலை ஓடுகிறது. சாலையின் ஒரு பக்கம் கடைகளும் வீடுகளும். மறுபக்கம் வெட்டவெளி; தொலைவில் மெக்டவல் மலைத்தொடர். அந்தப் பக்கம் சால்ட் ரிவர் பிமா-மரிக்கோபா பழங்குடிச் சமூகத்தின் நிலம். 1879-ல் அதிபரின் ஆணைப்படி ஒதுக்கப்பட்ட இந்த மண்ணில் ஓதாம், பீபாஷ் என்ற இரு மக்கள் வாழ்கிறார்கள்.

டாக்கிங் ஸ்டிக் கோல்ஃப் மைதானம் இருப்பது இங்கேதான். 18 குழிகள் கொண்ட இரண்டு ஆடுகளங்கள். ஒன்றுக்கு ஓதாம், மற்றொன்றுக்கு பீபாஷ் என்று அந்த மக்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். கிளப் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. நேரத்தை முன்பதிவு செய்து கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம்.

அரிசோனா கோல்ஃப் என்றதும் நினைவுக்கு வருவது வேறு வகைக் காட்சி. சுற்றிலும் கள்ளியும் பாறையும். நடுவே ஆங்காங்கே பச்சைத் திட்டுகள். ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குப் பந்தைப் பறக்கவிட வேண்டும். தவறினால் முள்ளுக்குள் தேட வேண்டியதுதான். இந்தப் பாணிக்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. 1980-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின் தொடர்ச்சியாக, ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் புதிதாக வரும் 18 குழி மைதானத்துக்குச் சுமார் 90 ஏக்கர் புல்லைக் கணக்கிட்டே தண்ணீர் ஒதுக்கினார்கள். புல்லைச் சிக்கனமாக விரித்துவிட்டு, மீதியைப் பாலைவனமாகவே விட வேண்டியதாயிற்று. ஆனால் பழங்குடி நிலத்தில் மாநிலத்தின் நீர்ச் சட்டம் செல்லாது. சால்ட் ரிவர் சமூகத்தின் நீருரிமையை 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டத்தின் மூலம் உறுதி செய்தது. அதனால் அந்த 90 ஏக்கர் கணக்கு இங்கே கட்டுப்படுத்தவில்லை.

1990-களின் இறுதியில் இங்கே ஆடுகளம் அமைக்க வந்தவர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும். கிரென்ஷா 1984, 1995 ஆகிய ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் பட்டம் வென்றவர். அவர்களுக்குக் கிடைத்ததோ மேடு பள்ளமில்லாத தட்டை நிலம். செயற்கைக் குன்றுகளை எழுப்பாமல், கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையை முன்மாதிரியாகக் கொண்டார்கள்.

அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற ஊர்களில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே உழவுக்கு உதவாத மணல்பரப்பு கிடந்தது. மரம் கிடையாது, காற்று ஓயாது, தரை இறுகியிருக்கும். உயரப் பறக்கும் பந்தைக் காற்று அடித்துப் போய்விடும் என்பதால் தாழ அடித்துத் தரையில் உருளவிடுவதே அங்கு கெட்டிக்காரத்தனம். அந்த 'லிங்க்ஸ்' ஆட்டத்துக்கு வேண்டியவற்றில் கடலைத் தவிர ஏறக்குறைய எல்லாமே பாலைவனத்தில் உண்டு.

ஓதாம் ஆடுகளத்தில் ஃபேர்வேக்கள் எனப்படும் புல்பாதைகள் தாராளமான அகலம். முதல் அடியில் எங்கு வேண்டுமானாலும் அடிக்கலாம் போலத் தோன்றும். சிக்கல் அடுத்த அடியில்தான் தெரியும். பந்து தவறான பக்கத்தில் கிடந்தால், குழி இருக்கும் கிரீனுக்குப் போகும் வழியைப் பங்கர் என்ற மணற்பள்ளம் மறிக்கும். இரண்டாவது குழியில் இடப்பக்கம் நெடுக வேலி. அதைத் தாண்டினால் ஆட்டத்துக்கு வெளியே. ஆனால் கிரீனை நோக்கி நல்ல கோணம் கிடைப்பது வேலியை ஒட்டிய பக்கத்திலிருந்துதான். பயந்து வலப்பக்கம் ஒதுங்கினால் அடுத்த அடி கடினம்.

பாலைவனத்தில் ஆடப் போகிறவர் விதிப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. பந்தின் அருகே நச்சுப் பாம்பு இருந்தால் 16.2-ஆம் விதிப்படி அபராதமின்றிப் பந்தை வேறு பாதுகாப்பான இடத்தில் போடலாம். கள்ளிச் செடிக்கு அந்தச் சலுகை இல்லை. முள்ளுக்குள் கையை விட மனமில்லாவிட்டால் ஓர் அடி அபராதம் ஏற்க வேண்டும். 2019-ல் விதிகள் மாறியபின், பாலைவனப் பரப்பையும் குளம், ஓடைபோல 'அபராதப் பகுதி'யாக மைதானங்கள் குறித்துக்கொள்ள வழி ஏற்பட்டது.

பருவமும் முக்கியம். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த மாதங்களில் விடியற்காலையிலேயே ஆடி முடித்துவிடுவது வழக்கம். கூட்டமும் கட்டணமும் உச்சத்தைத் தொடுவது ஜனவரி முதல் மார்ச் வரை.

அந்தக் குளிர்காலத்தில்தான் வட்டாரத்தின் பெரிய தர்மசங்கடமும் வருகிறது. கோடையைத் தாங்கும் பெர்முடா புல் குளிரில் உறங்கி மஞ்சளாகிவிடும். பனி கொட்டும் ஊர்களிலிருந்து பணம் கொடுத்து வருகிறவர்கள் பச்சையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அதனால் பல மைதானங்கள் இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் கதவை அடைத்து, ரை புல்லை விதைத்து, நாளுக்குப் பலமுறை தண்ணீர் பாய்ச்சுகின்றன. 2021 ஆகஸ்டில், அரிசோனாவுக்கும் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றுக்கு முதன்முறையாக நீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, அரிசோனாவின் பங்கு வெட்டப்பட்டது. ஃபேர்வேயில் விதைக்காமல் மஞ்சளாகவே விடும் யோசனைக்கு அதன்பின் வலுக் கூடியிருக்கிறது. உறங்கும் புல்லில் தரை இறுகி, பந்து வேகமாக உருளும். லிங்க்ஸ் பாணி மைதானத்துக்கு அது நட்டமே அல்ல. பச்சையைத் தேடி வரும் வாடிக்கையாளரை அதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு.