எண்ணிக்கை சரி, இழை சரியா?

திருப்பூரில் சாயப்பட்டறை பாய்லர் அருகிலும், காம்பாக்டிங் மெஷின் பக்கத்திலும், நீராவி அயர்ன் மேசையிலும் வெக்கையில் நின்று வேலை பார்க்கும் ஆண்கள் ஏராளம். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், 12 மணி நேரம். இவர்களில் ஒருவருக்குக் குழந்தை தள்ளிப்போனால், ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் மனைவிக்குத்தான். கணவருக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. ‘கவுண்ட் நார்மல்’ என்று வந்துவிட்டால் அவரை யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை.

கூப்பிட வேண்டும். அந்தப் பரிசோதனை விந்தணுக்களின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகியவற்றையே பார்க்கிறது. தலைக்குள் உள்ள டிஎன்ஏ முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நூல் சுற்றிய கோனை வெளியே பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும். உள்ளே அறுந்திருப்பது நிட்டிங் மெஷினில் ஓட்டும்போதுதான் தெரியவரும்.

ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கு நீளமே உள்ள தலைக்குள் சுமார் ஒரு மீட்டர் டிஎன்ஏ இறுகச் சுருண்டிருக்கிறது. அது அறுந்தால் முதிர்ந்த விந்தணுவால் சரிசெய்துகொள்ள முடியாது. கருமுட்டை ஓரளவு சரிசெய்யும். பெண்ணின் வயது ஏற ஏற அந்தத் திறன் குறைகிறது.

ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் ‘இக்சி’ முறை 1992இல் பெல்ஜியத்திலிருந்து வெளிவந்தது. டிஎன்ஏ அறுந்த விந்தணுவும் இதில் கருவை உண்டாக்கிவிடும். முதல் இரண்டு நாள் கரு, முட்டையின் சேமிப்பிலேயே வளரும். மூன்றாம் நாள் வாக்கில் கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கும்போதுதான் சேதம் வெளிப்படும். சில கருக்கள் ஐந்தாம் நாளை எட்டாமலே நின்றுவிடும். சில கருப்பைவரை போய்க் கலைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கச் சோதனைகள் உண்டு. ஒன்றில், விந்தணுக்களைக் கண்ணாடித் தகட்டில் கூழோடு பரப்பி, அமிலம் ஊற்றி, புரதங்களை நீக்குவார்கள். டிஎன்ஏ முழுசாக உள்ள தலையைச் சுற்றி நுண்ணோக்கியில் அகன்ற ஒளிவட்டம் விரியும். அறுந்ததைச் சுற்றி வட்டம் சிறுத்திருக்கும் அல்லது இருக்காது. நூற்றுக்கு 30க்கு மேல் அறுந்திருந்தால் சேதம் அதிகம் என்று பொதுவாகக் கொள்வார்கள்.

எல்லாருக்கும் இது தேவையில்லை. அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் 2020 வழிகாட்டுதல், முதல்கட்டப் பரிசோதனையில் இதைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளுக்குப் பரிந்துரைக்கிறது.

டிஎன்ஏ ஏன் அறுகிறது? விதைப்பையின் வெப்பம் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். நீடித்த வெப்பம், புகை, காய்ச்சல், விதைப்பை ரத்தக்குழாய்ப் புடைப்பான வெரிகோசீல் ஆகியவை டிஎன்ஏவை அறுக்கக்கூடியவை. ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரையை மட்டும் நம்புவது வீண்: 2020இல் வெளியான அமெரிக்காவின் ‘மாக்ஸி’ ஆய்வில் அவற்றால் டிஎன்ஏ சேதம் குறையவில்லை.

ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம். பீடியை விட்டு, வெக்கை குறைந்த பிரிவுக்கு மாறி, வெரிகோசீல் இருந்தால் வைத்தியம் பார்த்தபின் வருவது புதிய விந்தணுக்கள். கரு நிற்காமல் போன தம்பதிகள், மனைவிக்கு மறுபடி ஊசி போடத் தொடங்குமுன் கணவரின் டிஎன்ஏவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மனைவியின் வயது இடம் கொடுத்தால், அந்த மூன்று மாதத்தைக் கணவருக்குக் கொடுங்கள்.