படத்தில் இருக்கும் அம்மாள் யார்?

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். கூடத்துச் சுவரில் இல்லாவிட்டால் பரண் மேல், பழைய புடவையில் சுற்றி வைத்திருப்பார்கள். கனமான மரச் சட்டம், பழுப்பேறிய அட்டை, நடுவே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி. கன்னத்தில் ரோஜா நிறம். பச்சைப் புடவைக்கு மஞ்சள் கரை. கழுத்தில் தங்கம் பளபளக்கிறது. கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்குக் கையால் வர்ணம் தீட்டிய படம்.

"இது யாரம்மா?" என்று குழந்தை கேட்கிறது.

"தாத்தா வீட்டுப் படம். யாரோ பெரியவங்க!"

அந்த "யாரோ" என்ற சொல் வந்துவிட்டால் படத்துக்கு ஆயுள் அதிகமில்லை. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது சட்டத்துக்கு விலை கிடைக்கும், முகத்துக்குக் கிடைக்காது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள். பித்தளை அண்டாக்களுக்கும் மரத்தூண்களுக்கும் நடுவே இப்படிப்பட்ட அம்மாக்கள் விலைக்குச் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா? பல வீடுகளில் முடியும். ஆனால் முதல் காரியமாக, கண்ணைப் பறிக்கும் அந்த நிறங்களை நம்பாதீர்கள்.

வர்ணம் தீட்டியவர் அந்த அம்மாளை நேரில் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டூடியோவின் பின்கட்டில் உட்கார்ந்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் வர்ணத்தை மெல்லத் தேய்த்துக் கொடுப்பார். நகைக்கு மட்டும் மெல்லிய தூரிகை. வீட்டுக்காரர் "அரக்குப் புடவை" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அரக்கு. சொல்லாவிட்டால் அவர் கைக்கு எந்த வர்ணம் வந்ததோ அதுதான் புடவை! காதில் கிடந்தது சிவப்புக் கல்லா, வைரமா என்பதையும் அவரே தீர்மானித்திருப்பார். காதில் ஒன்றுமே இல்லாத பெண்ணுக்குத் தோடு போட்டு அனுப்பிய தாராள மனசுக்காரர்களும் உண்டு.

அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படமாவது உண்மை சொல்லுமா? அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல நிறம்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-ல் இங்கிலாந்தில் கடைக்கு வந்தன என்றாலும், பழைய வகைகள் அதற்குப் பிறகும் பல காலம் புழக்கத்தில் இருந்தன. இதனால் என்ன ஆகும் தெரியுமா? நீலப் புடவை கிட்டத்தட்ட வெள்ளையாக விழும். அரக்குப் புடவை கறுப்பாகிவிடும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இருண்டு போகும். நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகத் தெரியும்.

"அந்தக் காலத்தில் கல்யாணப் பெண்ணுக்குக் கறுப்புப் புடவையா கட்டினார்கள்?" என்று வியக்கிறவர்களுக்கு இதுதான் பதில். அதைவிடப் பெரிய ஆபத்து மற்றொன்று. வெளிர் நீலப் புடவை கட்டிய சுமங்கலியை, "வெள்ளைப் புடவை, ஆகவே கைம்பெண்" என்று முடிவு கட்டிவிடலாம். தாத்தா 1940-ல்தான் காலமானார், ஆகவே படம் அதற்குப் பிந்தியது, ஆகவே இது பாட்டி இல்லை, பாட்டியின் நாத்தனார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போவார்கள். முதல் படியே தப்பு! புடவையை விட்டுவிட்டு நெற்றியையும் கழுத்தையும் பாருங்கள்.

இப்போது பழைய படத்துக்குக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் கலர் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதுவும் பஞ்சுக் குச்சிக்காரரைப் போல ஊகம்தான் செய்கிறது. லட்சக்கணக்கான வேறு படங்களைப் பார்த்துப் பழகிய ஊகம். வெளிறிய புடவையை அது வெள்ளையாகவே விட்டுவிடக்கூடும். பழைய வர்ணக்காரராவது வீட்டு மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்!

அடுத்தபடியாக, உடம்பும் முகமும் ஒருவருடையதுதானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். இறந்துபோனவருக்குத் தனிப் படம் இல்லாவிட்டால், ஏதாவது ஒரு கல்யாணக் கூட்டுப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் வரைந்து சேர்ப்பார்கள். எப்போதும் ஒன்றாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாத கணவனும் மனைவியும் இப்படித்தான் ஒரே சட்டத்துக்குள் சேர்ந்தார்கள். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வர்ணம் தடிப்பாக மேலேறி நிற்கும் இடத்தில் அடியில் போட்டோ இல்லாமலே இருக்கலாம். கன்னத்தில் ஒரு பக்கமிருந்து வெளிச்சமும் கையில் மறு பக்கமிருந்து வெளிச்சமும் விழுந்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட படத்தில் நகையும் புடவையும் சாட்சி ஆகா. முகம் மட்டுமே சாட்சி.

இடம் வலம் மாறிய படங்களும் உண்டு. பிலிமைத் திருப்பி வைத்துப் பிரதி எடுத்துவிட்டால் மடிசார் முந்தானை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்குப் போய்விடும். ஐயர் வீட்டில் ஒரு தோள், ஐயங்கார் வீட்டில் மறு தோள் என்பதால், ஸ்டூடியோக்காரரின் ஒரு கவனக்குறைவு மாமியின் குலத்தையே மாற்றிவிடும்! பக்கத்தில் பூணூல் தரித்த பெரியவர் இருந்தால் கவலையில்லை. பூணூல் இடத் தோளில் கிடக்க வேண்டும். வலத் தோளில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

நகை நல்ல சாட்சிதான், ஆனால் பாதி சாட்சி. படத்தில் இருக்கும் அட்டிகை இன்று உங்கள் பெரிய மன்னியின் பீரோவில் இருக்கலாம். அதனால் படம் உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியும். ஆள் யார் என்று தெரியாது. மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகிற பொருள் அல்லவா? படத்துக்காக ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிற வழக்கமும் இருந்தது.

நகையைவிடக் கை அதிகம் பேசும். இதற்கு மைசூரில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. போட்டோ அல்ல, 1805-ம் ஆண்டு வாக்கில் தாமஸ் ஹிக்கி தீட்டிய எண்ணெய் வர்ணப் படம். மூன்று பெண்கள் நிற்கிறார்கள். நெடுங்காலம் அவர்களை யாரோ நாட்டியப் பெண்கள் என்றே சொல்லி வந்தார்கள். 2007-ல் படம் ஏலத்துக்கு வந்த சமயம், நைஜல் சான்ஸலர் என்ற சரித்திர ஆசிரியர் வேறு விதமாகச் சொன்னார். வலப்புறம் நிற்பவள் முந்தானையை விலக்கித் தன் இடக்கையில் ஓர் இடத்தைக் காட்டுகிறாள். அது அம்மை குத்திய இடம். அந்நாளில் புதிதாக வந்த அம்மைப்பால்! நகைகளையும் அரண்மனைக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்து, இவர்கள் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைப் பெண்கள், கையைக் காட்டுகிறவள் ராணி தேவஜம்மணி என்பது அவர் முடிவு. இருநூறு வருஷமாக எல்லோர் கண்ணெதிரிலும் நீட்டிக்கொண்டிருந்த கை!

உங்கள் வீட்டுப் படத்திலும் கையைப் பாருங்கள். இரு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலா? வளைகாப்புப் படமாக இருக்கும். வழக்கமாக அது தலைப் பிரசவத்துக்கு முன்னால். வீட்டில் மூத்த பிள்ளைகளின் பிறந்த வருஷங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் ஆள் அகப்பட்டுவிடுவாள். பின்னால் கண்ணாடி வைத்துப் பூ தைத்த ஜடை தெரியும்படி எடுத்திருந்தால், அதுவும் ஏதோ ஒரு சடங்கின் நாள். அப்புறம் ஒரு சிறு எச்சரிக்கை: பாவாடையும் ஜடையுமாகக் கொழுகொழுவென்று நிற்கும் பெண் குழந்தை, பெண் குழந்தையாக இருக்கவேண்டும் என்பதில்லை. மொட்டை அடிப்பதற்கு முன் பையனுக்கு ஜடை பின்னி, பூ வைத்துப் படம் எடுப்பது நம் வீடுகளில் சகஜம். "அந்தப் பாப்பா யார்?" என்று ஊரெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் அது உங்கள் மாமனாராக இருக்கப் போகிறது!

சட்டத்தின் முதுகையும் பார்க்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, ஊர், ஒரு நம்பர் இருக்கலாம். அந்த நம்பர் நெகடிவ் நம்பரானால், ஸ்டூடியோவின் பழைய நோட்டில் பெயர் இருந்திருக்கும். ஆனால் பழைய கண்ணாடி நெகடிவ்களைச் சுரண்டிக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றுவிட்ட இடங்கள் அநேகம். தப்பித்தவற்றில் ஒரு பகுதியை 2010-களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தேடிப் பிரதி எடுத்து வைத்தார்கள். முகங்கள் பத்திரமாகிவிட்டன. பெயர் சொல்ல வேண்டியது குடும்பத்தார்.

விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. முத்திரைதான் பிந்தியது, படம் அல்ல! அம்மா 1935-ல் எடுத்துக்கொண்ட சின்னப் படத்தை மகன் நாற்பது வருஷம் கழித்துப் பெரிதாக்கி வர்ணம் தீட்டியிருக்கலாம்.

இத்தனைக்கும் அகப்படாத அம்மாள் ஒருத்தி உண்டு. வீட்டில் யார் ஜாடையிலும் சேராதவள், இளம் வயது, பெரிய குங்குமம். பல குடும்பங்களில் அவள் தாத்தாவின் மூத்த தாரம். பதினாறு, பதினேழு வயதில் பிரசவத்தில் போய்விட்டவள். இரண்டாவதாக வந்தவள்தான் அந்தப் படத்தைத் துடைத்து, பூ வைத்து, விளக்கு ஏற்றி வந்திருப்பாள். அவள் பிள்ளைகளுக்கு "படத்துப் பெரியம்மா" என்று தெரியும், பெயர் தெரியாது. பேரப் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது. வம்சாவளிப் பட்டியலிலும் அவளைத் தேட முடியாது. பிள்ளை இல்லாதவளுக்குக் கோடு போடுவதில்லை.

ஆனால் கல்யாணத்துக்கு முன் சில வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனை செய்கிறார்கள். வட மாவட்டங்களில் பூவாடைக்காரிக்குப் படைக்கிறார்கள். யாரை நினைத்துப் புதுப் புடவை வைக்கிறோம் என்று வீட்டு மூத்த பெண்மணியைக் கேளுங்கள். எந்தக் காகிதத்திலும் இல்லாத பெயர் அங்கே கிடைக்கக்கூடும். தர்ப்பணம் செய்கிற வீடானால் தாய், பாட்டி, கொள்ளுப் பாட்டி மூவர் பெயரும் அப்பாவுக்கு மனப்பாடம். அந்தப் பெயர் வீட்டுப் பேத்தி யாருக்காவது வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரியவர்களைக் கேட்பதில் ஒரு பக்குவம் வேண்டும். "இது உங்கள் அத்தைதானே?" என்று கேட்டால், எண்பது வயது அம்மாள் உங்களைத் திருப்திப்படுத்த "ஆமாம்" என்றுவிடுவாள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். முகம் தெரியாவிட்டால் நாற்காலியைத் தெரியும், திண்ணையைத் தெரியும். அங்கிருந்து பேச்சு வரும். இரண்டு பேர் இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். அக்கா தங்கை சேர்ந்து உட்கார்ந்தால் பெரியவள் சொன்னதுதான் தீர்ப்பு!

பெயர் கிடைத்ததும் பேனாவை எடுக்காதீர்கள். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மெல்லிய பென்சிலால், பின் அட்டையில், அழுத்தாமல் எழுதுங்கள்: பெயர், ஊர், யாருக்கு என்ன உறவு, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார். நிச்சயமில்லாவிட்டால் கூசாமல் ஒரு கேள்விக்குறி போடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். அப்படியே மேலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். சட்டம் மாற்றக் கொடுக்கும்போது பழைய பின் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் அதைத்தான் முதலில் குப்பையில் போடுவார்.