காட்டில் கைகொடுத்த லீவர் துப்பாக்கி

தொலைக்காட்சியில் கௌபாய்ப் படம் ஓடினால் நம் சயான் வீட்டுச் சிறுவர்கள் இடத்தைவிட்டு அசையார். கதாநாயகன் துப்பாக்கியின் அடியிலுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுக்கிறான். அடுத்த வேட்டு ஆயத்தம். இதனை வெறும் திரை வித்தையென்று எண்ணலாகாது. நம் தமிழகக் காடுகளிலேயே ஆட்கொல்லிப் புலிகளுக்கு எதிரே இத்துப்பாக்கி நின்றிருக்கிறது.

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) விமானத் தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர். சேலம், தர்மபுரிக் காடுகளில் அலைந்த வேட்டைக்காரர். அரசர்களும் துரைமார்களும் விலையுயர்ந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளை விரும்பிய காலத்தில், இவர் கையில் இருந்தது 1895ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர். அதனை அமைத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். ஜவளகிரிப் பக்கத்தில் பெண்புலி ஒன்றை வீழ்த்திய வரலாற்றை ஆண்டர்சன் விரிவாக எழுதியுள்ளார். அவர் கதைகளில் புனைவும் கலந்திருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. துப்பாக்கியின் குணத்திலோ வாதத்துக்கு இடமில்லை.

முதல் வேட்டில் விழாத புலி, இரண்டொரு நொடியில் ஆள்மேல் பாய்ந்துவிடும். ஆகவே உயிர் இருப்பது இரண்டாவது வேட்டில்தான். தாழ்ப்பாள் போன்ற போல்ட் உள்ள துப்பாக்கியில், கை விசையை விட்டு அகன்று, தாழைத் தூக்கிப் பின்னிழுத்து, முன் தள்ளி, மீள வேண்டும். இரட்டைக்குழலில் இரண்டே வேட்டு. லீவர் துப்பாக்கியிலோ விரல்கள் முன்னமே வளையத்துக்குள் உள்ளன. கீழே தள்ளினால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலேறும். கட்டை தோளைவிட்டு நகர வேண்டியதில்லை. ரயில்வே கேபினில் லீவரை இழுத்துக் கைகாட்டியைச் சாய்த்த தலைமுறைக்கு இதன் சுகம் எளிதில் விளங்கும்.

முந்தைய மாதிரிகளில் தோட்டாக்கள் குழலின் அடியே ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா இட்டால், முன்னதன் பின்புறத்தை முட்டி வெடிக்கும் அபாயம் உண்டு. 1895 மாதிரியில் பிரௌனிங் தோட்டாக்களை ஒரு பெட்டியில் மேலும் கீழுமாக அடுக்கினார். அதனால் ஆண்டர்சனின் 405 போன்ற வலிய தோட்டாவும் அதில் இடம்பெற்றது. ஈயக்குண்டு மட்டும் ஏறத்தாழ 19 கிராம்!

குறையும் உண்டு. தரையில் படுத்துச் சுடுபவனுக்கு லீவர் மண்ணில் இடிக்கும். உலகப் படைகள் பெரும்பாலும் போல்ட் வகையையே நாடியதற்கு அதுவும் ஒரு காரணம். எனினும் முதல் உலகப் போரில் உருசியா இந்த மாதிரியில் ஏறக்குறைய 3 இலட்சம் வாங்கியது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், ஆட்கொல்லியாக மாறிய புலியைக் கொல்வதற்கும் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து மூலமான ஆணை வேண்டும்.