பங்காளி வீட்டில் பெண் எடுக்காத பூஞ்சை

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருக்கிறார். சுண்டைக்காய் அளவில் பழங்கள். ஆனால் பழத்தோல் கண்ணில் படவில்லை. மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் குழாய்கள் சிலிர்த்து நிற்க, அவற்றிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பொடி உதிர்கிறது. “மூன்று வருஷத்துக்கு முன் நர்சரியில் வாங்கி நட்ட சர்வீஸ்பெரி மரம். பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்கிறார்.

எதுவும் அடிக்க வேண்டாம். அடித்தாலும் பயனில்லை, காலம் கடந்துவிட்டது. மரத்துக்கும் ஆபத்தில்லை. ஏன் என்பதுதான் சுவாரசியம்.

முதலில் மரத்தைப் பற்றி நாலு வார்த்தை. வட அமெரிக்காவின் மரம் இது. ஏப்ரல், மே மாதங்களில் இலை முழுதாக விரிவதற்குள் வெள்ளையாகப் பூத்துக் கொட்டும்; ஜூன் வாக்கில் கருநீலப் பழம். பெரி என்று பெயரே தவிர, தாவரவியல்படி இது ஆப்பிள், பேரிக்காயின் ஒன்றுவிட்ட தம்பி. பழத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஆப்பிளுக்கு இருப்பதுபோலவே குட்டிக் கிரீடம் இருக்கும். பனி உருகி மண் இளகியதும், குளிர்காலத்தில் இறந்தவர்களுக்கு இறுதிச் ‘சர்வீஸ்’ நடத்தும் நேரத்தில் பூப்பதால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. உருக்கமான கதைதான், ஆனால் பொய். ஐரோப்பாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்துக்கு லத்தீனில் சோர்பஸ் என்று பெயர். அது வாய்மாறி வாய்மாறி ‘சர்வீஸ்’ ஆகி, இந்த மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இன்னொரு பெயரான சாஸ்கட்டூன் க்ரீ மக்களின் சொல்லிலிருந்து வந்தது. கனடாவில் அந்தப் பெயரில் ஒரு நகரமே இருக்கிறது.

‘சூப்பர்ஃபுட்’ என்று இதை விற்கிறவர்கள் சொல்லும் ஆந்தோசயனின் என்ற நிறமி நம் ஊர் நாவல்பழத்திலும் உண்டு. நாக்கு நீலமாவதே அதனால்தான். ருசிக்காகச் சாப்பிடுங்கள், அது போதும்.

இனி அந்த ஆரஞ்சுப் பொடி. அது ஜிம்னோஸ்போராஞ்சியம் கிளாவிப்பஸ் என்ற துருப்பூஞ்சை. அதற்குத் தன் வாழ்நாளை முடிக்க இரண்டு வீடு வேண்டும். ஒன்று சர்வீஸ்பெரி (அல்லது ஆப்பிள் குடும்பத்தில் வேறொன்று). இன்னொன்று ஜூனிப்பர். அமெரிக்கர்கள் சிவப்பு சீடார் என்பது உண்மையில் ஒரு ஜூனிப்பர்தான். அழகுக்காக வீட்டு முகப்பில் வைக்கும் குட்டை ஊசியிலைப் புதர்களில் பலவும் அந்த இனமே. ஜூனிப்பர் கிளையில் வீக்கமாகக் குடியிருக்கும் பூஞ்சை, வசந்த மழையில் ஊறி ஆரஞ்சு ஜெல்லியாகப் பொங்கும். அதிலிருந்து கிளம்பும் வித்துகள் காற்றேறி சர்வீஸ்பெரியின் பூவிலும் பிஞ்சிலும் இறங்கும். சில வாரம் கழித்துப் பழத்தில் குழாய் முளைத்துப் பொடி கொட்டும்.

அந்தப் பொடி பக்கத்துப் பழத்தில் விழுந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பழத்தில் பிறந்த வித்து ஜூனிப்பரில் மட்டுமே முளைக்கும். ஜூனிப்பரில் பிறந்தது ஆப்பிள் குடும்பத்தில் மட்டுமே முளைக்கும். இதைத் தமிழனுக்கு விளக்குவது எளிது. சர்வீஸ்பெரியும் சர்வீஸ்பெரியும் பங்காளிகள். ஜூனிப்பர் மாமன் வீடு. பங்காளி வீட்டில் சம்பந்தம் கிடையாது. இந்தத் தலைமுறை அங்கே போனால், அடுத்த தலைமுறை அங்கிருந்து இங்கே வரவேண்டும். நம் ஊரில் காதல் வந்து இந்த விதியை அவ்வப்போது கெடுக்கும். பூஞ்சை கெடுத்ததில்லை.

உவமையை இங்கே நிறுத்துவதுதான் மரியாதை. ஆனால் விஷயமே இனிமேல்தான். சர்வீஸ்பெரியில் பொடி வருவதற்கு முன்பு பூஞ்சை சின்னச் சின்ன இனிப்புத் துளிகளைக் கசியவிடும். அதை நக்க வரும் பூச்சிகள் ஒரு துளியிலிருந்து இன்னொன்றுக்கு இனச்செல்களைக் கடத்தும், தரகர் வேலை. இரண்டு செல் சேர்ந்து ஒரே செல் ஆகும், ஆனால் உட்கருக்கள் சேராது. ஒரே அறையில் இரண்டு உட்கருவும் அருகருகே, தொடாமல் இருக்கும். செல் பிரியும்போதெல்லாம் ஜோடியாகவே பிரிந்து, ஜோடியாகவே காற்றில் பறந்து, மாமன் வீட்டு மரப்பட்டைக்குள் நுழைந்து, குளிர்காலத்தையும் அப்படியே கழிக்கும். அடுத்து ஜெல்லி பொங்கும் பருவத்தில் உருவாகும் வித்துக்குள்தான் இரண்டும் ஒன்றாகும். தாலி ஒரு வீட்டில், சாந்தி முகூர்த்தம் இன்னொரு வீட்டில். நடுவே மாதக்கணக்கில் கைகூடப் பிடிக்காத தம்பதி. இதைவிடக் கட்டுப்பெட்டியான உயிரை நான் படித்ததில்லை.

வரலாறு என்று கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1865-இல் டென்மார்க் தாவரவியலர் அண்டர்ஸ் ஓர்ஸ்டெட் (மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதைக் கண்ட ஓர்ஸ்டெட்டின் தம்பி மகன்), பேரி மரத்துத் துருவும் ஜூனிப்பர் துருவும் ஒரே பூஞ்சை என்று காட்டினார். அதுவரை இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். 1914-இல் வர்ஜீனியா மாநிலம், ஆப்பிளைத் தாக்கும் இதன் சகோதரப் பூஞ்சைக்காக, தோட்டத்துக்கு அருகே உள்ள சிவப்பு சீடார்களை வெட்டச் சட்டம் போட்டது. மரத்துக்காரர் வழக்காடினார். 1928-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆப்பிள் பக்கம் நின்றது. வெட்டுகூலிக்கு 100 டாலர், மரத்துக்குக் காசில்லை.

இந்தப் பங்காளி விதிதான் வாசகியின் மரத்தைக் காப்பாற்றுகிறது. இதே துருப்பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்தது காபித் துரு. 1869-இல் இலங்கையில் தலைகாட்டியது. அதன் வித்து ஒரு காபி இலையிலிருந்து அடுத்த காபி இலைக்கே தாவும். பருவம் முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கும். சில பத்தாண்டுகளில் மலையகத்தில் காபி போய்த் தேயிலை வந்தது. சர்வீஸ்பெரித் துருவுக்கு அந்தத் தாவும் கட்டம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, வசந்த மழையில், வெளியிலிருந்து வருவதோடு சரி.

ஆகவே பொடி தெரிந்தபின் மருந்தடிப்பது, கல்யாணம் முடிந்து ஜாதகம் பார்ப்பது மாதிரி. அடிப்பதானால் மொட்டு விரியும் முன்பிருந்து பிஞ்சு பிடிக்கும்வரை அடிக்க வேண்டும். அதற்கும் நீங்கள் இருக்கும் ஒன்டாரியோவில் 2009 முதல் வீட்டுத் தோட்ட ரசாயனங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. நோய்ப்பழத்தைப் பறித்துப் போட்டால் உங்கள் மரத்துக்கு லாபமில்லை, அக்கம்பக்கத்து ஜூனிப்பருக்கு வேண்டுமானால் உபகாரம். இலைக்காம்பிலோ கிளைநுனியிலோ வீக்கம் இருந்தால் வெட்டிவிடுங்கள். நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும், கிளைக்குள் காற்றோட்டமும் இருக்கட்டும். இலை சீக்கிரம் காய்ந்தால் வித்து முளைப்பது குறையும். உரத்தை அள்ளிப் போடாதீர்கள்: தளதளவென்று வரும் தளிரில் பாக்டீரியா நோய் ஒன்று ஏறும். நல்ல பழங்களை ராபின் குருவி தின்னும் முன் பறிக்க வலை தேவைப்படும். ‘பராமரிப்பே வேண்டாம்’ என்பது விற்பவர் பேச்சு.

அடுத்த வசந்தத்தில் மழை பெய்த மறுநாள் உங்கள் தெருவில் உள்ள ஜூனிப்பர்களைப் பாருங்கள். கிளையில் ஆரஞ்சு ஜெல்லி இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அரிவாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வித்து மைல் கணக்கில் பறக்கும், ஒரு புதரை வெட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.